கிடாரத்துப் பியர்

சமையல் குறிப்பில் உள்ள அளவை அப்படியே போடுகிற யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எங்களுக்கு அளவு என்பது ஓர் ஆலோசனை, அவ்வளவுதான். ஒரு கரண்டி மிளகாய்த்தூள் என்று எழுதியிருந்தால், ஒரு கரண்டியில் தொடங்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். அதுவும் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அந்த ஆலோசனையும் வேண்டியதில்லை, கை தானாகவே தாராளமாகிவிடும். கறியிலும் பாயசத்திலும் இந்தக் கொள்கை என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. பியரில் மட்டும் அது சரிவராது என்பதை, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் எங்கள் தெருச் சனம் முழுவதற்கும் முன்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

நாங்கள் தொடர்மாடியை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. டென்மார்க்கில் பல தெருக்களில் கோடைகாலத்தில் வெய்ஃபெஸ்ட் என்று ஒரு தெருக் கொண்டாட்டம் நடக்கும். கூடாரம் அடித்து, நீள மேசை போட்டு, கொடி கட்டி, தெருவில் உள்ள எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுபோக வேண்டும். எங்கள் பங்கு மரக்கறி ரோல்ஸ் என்று முதல் வருடமே முடிவாகிவிட்டது. நான் தட்டோடு போவேன். ஆண்கள் எல்லாரும் பியர் மேசையைச் சுற்றி நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் மரியாதையாக விலகி இடம் தருவார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மெதுவான டெனிஷில், இன்றைக்கு வெயில் நல்லது என்பார்கள். (எனக்கு டெனிஷ் விளங்கும் ஐயா! ஜன்னல் தொழிற்சாலையில் நாள் முழுக்க அதில்தானே வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்!)

அவர்கள் யாரும் எனக்கு ஒரு குறையும் செய்யவில்லை. குறை அதுவேதான். என் சொந்தத் தெருவில், என் சொந்தப் புல்லை நானே வெட்டிக்கொண்டு, நான் மட்டும் விருந்தாளியாக இருந்தேன். அது எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே அந்த வருடம், பக்கத்து வீட்டு பிரெபனின் கராஜில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தேன்: "இந்த முறை பியர் முழுக்க என் பொறுப்பு. வீட்டிலேயே காய்ச்சித் தருகிறேன்."

பிரெபன் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. வருடா வருடம் பியர் மேசைக்கு அவர்தான் அதிபதி. ஒரு நாளைக்கு இவ்வளவு சொற்கள்தான் என்று கணக்கு வைத்துப் பேசுகிற ஆள். "எல்லாருக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"எதற்கும் கடையில் கொஞ்சம் வாங்கி வைக்கவா?"

"தேவையே இல்லை," என்றேன். அன்றுவரை நான் பியர் காய்ச்சியதில்லை. சூப் வைப்பதைவிடச் சுலபம் என்று தொழிற்சாலை நண்பன் ஒருவன் சொல்லியிருந்தான். அதை மட்டும் நம்பித்தான் இந்த வாய்க்கொழுப்பு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி மாலினி கரண்டியைக் கீழே வைத்தாள். "முருகன் படம் இருக்கிற குசினியில சாராயம் காய்ச்சப் போறீங்களோ?"

"சாராயம் இல்லையப்பா, பியர். அதுவும் பேல் ஏல். வாசம் எல்லாம் பழ வாசம்."

"பழ வாசம் வேணுமெண்டா பழத்தை வாங்கித் தின்னுங்கோ."

கடைசியில் பெரிய மனது வைத்து அனுமதித்தாள். ஆனால் காய்ச்சிய அன்று குசினிக் கலண்டரில் இருந்த முருகனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். எங்கள் மகள் அபி அப்போது பதின்ம வயதில் இருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற வயது. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பின்லிட்," என்று சொல்லிப் போய்விட்டாள். வெட்கக்கேடு என்று அர்த்தம்.

வேலை உண்மையிலேயே பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பார்லியை ஊறவைத்து அரைத்து வடிக்கிற பாட்டையெல்லாம் யாரோ செய்து, மோல்ட் சாறாகத் தகரத்தில் அடைத்துத் தந்துவிடுகிறார்கள். திறந்தால் பனம்பாணி மாதிரிக் கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைக்க வேண்டும். கொதிக்கும்போது ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவை இடித்து உருட்டிய பச்சைத் துண்டுகளைப் போட வேண்டும். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசத்துக்கு. நான் இரண்டுக்கும் கைநிறைய அள்ளிப் போட்டேன். வீடு முழுக்கத் தோடம்பழத் தோலும் மாம்பழமும் மணந்தது. மாலினிகூடக் குசினிப் பக்கம் ஒருமுறை வந்து, மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பானையில் நுரை எழும்பத் தொடங்கியது. வேறு எந்த இனத்தவன் என்றாலும் ஓடிப்போய் அடுப்பைக் குறைத்திருப்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். பானை பொங்கினால் நல்லது என்றுதானே பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? எந்தப் பக்கம் வழிகிறது என்றுகூடக் குனிந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம்! எனக்குப் புல்லரித்தது.

"ஐயோ! அடுப்பை நிப்பாட்டுங்கோ!" என்று மாலினி கத்திக்கொண்டு ஓடிவந்தபோது, பாணி கண்ணாடி அடுப்பு முழுக்கப் பரவி, கருகி, புகைந்துகொண்டிருந்தது. பொங்கல் பானையை நாங்கள் முற்றத்தில் வைப்பதன் காரணத்தை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அடுப்பைச் சுரண்டுகிற வேலை எனக்குத்தான் கிடைத்தது.

மிச்சத்தை ஆறவைத்து, வெள்ளை வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, இறுக்கி மூடி, உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியிலிருந்த சின்னக் குழாய் அடுத்த நாளே குளக் குளக் என்று பேசத் தொடங்கியது. வேலையால் வந்ததும் முதலில் அதைப் போய்க் கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன். இதே மாதிரி இன்னும் சில வாளி போட்டேன். தெரு முழுக்கக் குடிக்க வேண்டுமே.

குமிழி அடங்கியதும் போத்தலில் அடைக்க வேண்டும். அதற்கு ஹ்விடோவ்ரேயிலிருந்து மாலினியின் அண்ணன் குகன் வந்திருந்தான். மச்சான் உபசாரத்தில் ராஜா. அவன் வீட்டுக்குப் போனால் மூன்று முறை சாப்பிடாமல் வெளியே வர முடியாது. போத்தலுக்குள் கொஞ்சம் சீனி போட்டால்தான், மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று பியருக்கு நுரை கொடுக்கும். போத்தலுக்கு ஒரு சின்னத் தேக்கரண்டி, அதுவும் மட்டமாக, என்று தகரத்தில் எழுதியிருந்தது.

குகன் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஒரு தேக்கரண்டியோ? மச்சான், வந்த ஆளுக்கு இந்த அளவிலதான் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பியோ நீ?"

"அது டெனிஷ் ஆக்களின்ர அளவடா. அவங்கள் கோப்பியே சீனி இல்லாமக் குடிக்கிற சனம்."

"அவங்கள் எப்பிடியும் குடிக்கட்டும். குடுக்கிறது நாங்களெல்லே? கஞ்சப்பயல் எண்டு கதைக்க மாட்டினமோ?"

என் மானத்தில் கைவைத்துவிட்டான். தேக்கரண்டியைத் தூர வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கரண்டியை எடுத்தோம். குமித்துக் குமித்துப் போட்டோம். போத்தல்களைக் கராஜில் அடுக்கியபோது, என் தெருவுக்கு நான் குறை வைக்கவில்லை என்ற நிம்மதி எனக்கு.

சில நாட்களில் கராஜில் ஒரு போத்தல் வெடித்தது. "அது போத்தல் சரியில்லை," என்று மாலினிக்கு விளக்கம் சொன்னேன். இன்னொன்று வெடித்தது. "அதுவும் அதே மாதிரிப் போத்தல்தான்," என்றேன். அதன் பிறகு எதற்காகவோ அவள் கராஜுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

கொண்டாட்ட நாளன்று நல்ல வெயில். போத்தல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கற்கள் பதித்த நடைபாதையில் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனேன். (வெயிலும் குலுக்கலும் போதாதென்று, வழியில் ஒரு சின்னத் துள்ளல் வேறு.) பியர் மேசைக்குப் பின்னால் போய் நின்று, ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். அபி உடுப்போடு சேர்ந்த தொப்பியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். முதல் போத்தலின் மூடியை நெம்பினேன்.

பிறகு நடந்ததை ஒழுங்காக விவரிக்க முடியவில்லை. பியர் கூடாரத்தின் கூரையில் அடித்தது. கூரையிலிருந்து உருளைக்கிழங்குச் சலட்டில் விழுந்தது. இடையில் நின்ற பிரெபன் தலையிலிருந்து சப்பாத்துவரை நனைந்தார். என் கையில் மிஞ்சியது வெறும் போத்தல். "முதல் போத்தல் எப்போதும் இப்படித்தான்," என்று சொல்லி இரண்டாவதைத் திறந்தேன். அது மேசையில் கட்டியிருந்த கொடிகளைக் கவனித்துக்கொண்டது.

ஒருவரும் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. கூட்டத்தில் யாரோ, மிக மரியாதையாக, மிக மெதுவான டெனிஷில், "நான் கடைக்குப் போய் வரட்டுமா?" என்று கேட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைப் போல ஒன்றும் சுட்டதில்லை. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், சாகும்வரை வெயிலைப் பற்றித்தான் என்னோடு பேசப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அப்போது மாலினி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது, பிறந்தநாள் விழாக்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற எங்கள் பெரிய கிடாரம் அவள் இடுப்பில் இருந்தது. கையில் நீளக் கறிக்கரண்டி.

"அங்கால தள்ளி நில்லுங்கோ," என்றாள் என்னிடம். பிறகு பிரெபனைப் பார்த்து டெனிஷில் உத்தரவிட்டாள். போத்தல் கழுத்தைக் கிடாரத்துக்குள் பிடி, பிறகு திற, அவசரப்படாதே. மாலினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அடம்பிடிக்கும் டெனிஷ்க் கிழவர்களை நாளாந்தம் குளிக்கவார்க்கிறவளுக்கு பிரெபன் எம்மாத்திரம்? அவர் மறுபேச்சில்லாமல் முழங்காலில் உட்கார்ந்தார்.

போத்தல் சீறியது, கிடாரத்துக்குள். அடுத்தது. அடுத்தது. தெருச் சனம் ஆளுக்கொரு திறப்பானோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். நுரை கிடாரத்தின் விளிம்புவரை எழும்பும், மாலினி கரண்டியால் அதை அமர்த்துவாள், அடியில் பொன்னிறமாகப் பியர் சேரும். நானும் ஒரு மூலையில் புகுந்து திறக்கத் தொடங்கினேன். ஒன்று கைதவறி மேலே பீறிட, பிரெபனின் முகத்தில் மறுபடி பட்டது.

"கீழே பிடியடா, மடையா!" என்று கத்தினார் பிரெபன். மெதுவாக அல்ல. முழு வேகத்தில், இந்தப் பக்கத்து மேற்கு யூலான்ட் டெனிஷில், கூடவே அச்சிட முடியாத ஒரு சொல்லும் சேர்த்து.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தத் தெருவில் அதுவரை என்னை யாரும் ஏசியதில்லை. விருந்தாளியை யார் ஏசுவார்கள்?

நுரை அடங்கியதும் மாலினி கரண்டியால் மொண்டு முதல் கோப்பையை பிரெபனிடம் நீட்டினாள். அவர் மணந்தார். குடித்தார். தெரு காத்துக்கொண்டு நின்றது. பிறகு சொன்னார்: "இக்க ஸொ ரிங்க."

அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். இந்தப் பக்கத்து மனிதர்கள் கல்யாண நாளில் மணப்பெண்ணைப் பற்றியே அதற்கு மேல் சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டு அவர் கோப்பையை மறுபடி நீட்டினார். அதோடு வரிசை தொடங்கியது. நல்ல கசப்பு, பின்னால் மாம்பழ வாசம், அதற்கும் பின்னால், கிடாரத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கறிக் கறுவா வாசம் ஒரு துளி. தெரு முழுக்கக் குடித்தது. கிடாரத்தைச் சரித்து அடிவரை மொண்டார்கள். ஒருவரும் கடைக்குப் போகவில்லை. நான் சொட்டச் சொட்ட நனைந்தபடி பியர் மேசையில் சாய்ந்து நின்று, பிரெபனின் லொறிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு அவ்வளவு சொற்கள் இருந்ததே அன்றுதான் தெரியும்.

அடுத்த வருடம் நான் திருந்திவிட்டேன். மின்தராசு வாங்கி, சீனியைக் கிராமில் நிறுத்துப் போட்டேன். போத்தல் மெதுவாக 'புஸ்' என்றது, பியர் அழகாகக் கோப்பையில் இறங்கியது, மேலே வெள்ளை நுரை. தெருவே முகத்தைத் தொங்கப்போட்டது. "கிடாரம் எங்கே?" என்றார் பிரெபன். ஒரு மிடறு குடித்துவிட்டு, கறுவாவைக் காணவில்லை என்று குறையும் சொன்னார். இன்றுவரை, நான் பிழையில்லாமல் காய்ச்சி, பிழையில்லாமல் அடைத்த பியரை, எல்லாருமாகக் கிடாரத்தில் கவிழ்த்து, மாலினியிடம் வரிசையில் நின்று வாங்கித்தான் குடிக்கிறார்கள். இன்றுவரை அவள் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. ஆனால் பதம் சரியா என்று அவளைத்தான் கேட்கிறார்கள்.

வீட்டில் நான் எதையாவது பற்றிக் கொஞ்சம் உரத்துப் பேசிவிட்டால் போதும். வரிப் படிவத்தை நானே நிரப்புவேன், கூரையை நானே திருத்துவேன் என்று தொடங்கினால், அபி எழுந்து போவாள். கிடாரத்தைத் தூக்கி வந்து என் முன்னால் 'ணங்' என்று வைப்பாள். தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். குகன் வந்திருந்தால் அவனும் சேர்ந்துகொள்வான், சீனி போட்டதே தானில்லை என்பதுபோல.

வைக்கட்டும். நான் பேச்சை நிறுத்துவதில்லை. அந்தக் கிடாரம் காலியானதைப் பார்த்தவன் நான்.