பெரட்டுக்கு வந்த சைக்கிள்

எங்கள் தோட்டத்தில் மலை என்றால் உயரமான இடம் என்று அர்த்தம் இல்லை. நான்கு பக்கமும் உயரமான இடம்தான் இருக்கிறது, அதற்கென்று தனியாக ஒரு சொல்லை யார் செலவழிப்பார்கள். மலை என்றால் தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடம். 'மலைக்குப் போறேன்' என்றால் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று பொருள். 'இன்னைக்கு மலைக்குப் போகல' என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஒரு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறைக் காம்பராக்களில், பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துபோனதற்கு மன்னிப்பே கிடையாது. (இன்றுவரை கிடைக்கவும் இல்லை.)

அப்போது நான் வேலையில்லாமல் இருந்தேன். ஹட்டனில் நான் வேலைக்கு நின்ற போட்டோக்கொப்பிக் கடையை முதலாளி மூடிவிட்டார். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்: என் தலையில் கூடைக் கயிறு விழக்கூடாது. அந்த வருஷம் அவளுடைய முழங்கால் வீங்க ஆரம்பித்தது. "மகளப் பேர் பதியச் சொல்லிட்டு நீ வீட்டுல ஒக்காந்துக்கயேன்" என்று கங்காணி நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றைக்கு அம்மா சோறு தின்னவில்லை.

இந்த நிலைமையில்தான் ருவன் சேர் வந்து சேர்ந்தார். ஹட்டனில் சின்னதாக ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்தியவர். வெளிநாட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து தோட்டப் பாதைகளில் நாள்கணக்காகச் சைக்கிள் ஓட்டுகிறார்களாம், சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, இருட்டின இடத்தில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்களாம். அவர்களோடு போக, தமிழ் பேசத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். சீசனுக்கு முன்னால் ஒரு பரீட்சைப் பயணம். நல்லதண்ணியில் தொடங்கி டயகம வரைக்கும் நான்கு நாள். அதை முடித்தால் வேலை நிச்சயம்.

"நங்கி, சைக்கிள் ஓட்டத் தெரியும்தானே?" என்று கேட்டார். (நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.)

"தெரியும் சேர்."

பள்ளிக்கூட மைதானத்தில், பின்னால் ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடிவர, இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் பழகவும் முடியாது. சைக்கிள் வைத்திருந்த ஒரே மனிதர் தபால்காரர், அவரும் ஏற்றத்தில் மூச்சு வாங்கித் தள்ளுவார், இறக்கத்தில் பயந்து தள்ளுவார். நான் பார்த்த வரையில் அவர் ஏறி உட்கார்ந்தது, நின்றுகொண்டிருந்த சைக்கிளில், யாரோடாவது கதை பேசுவதற்குத்தான்.

பழகுவதற்கென்று சேர் ஒரு சைக்கிளைத் தந்து அனுப்பினார். தடித்த டயர், ஏகப்பட்ட கியர். பெரிய நம்பர்தான் பெரிய பலம் என்று நானாக முடிவுசெய்து, முதல் வாரம் முழுவதும் எல்லா ஏற்றத்தையும் ஆகப் பெரிய கியரில் மிதித்தேன். சைக்கிள் நகரவில்லை. என் உடம்புதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, முட்டை வாங்கிக் குடித்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சைக்கிளை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவேன். மழையோ விடுவதாக இல்லை. மழைக்கோட்டு வாங்க வழியில்லாததால், அம்மாவுடைய பழைய கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டேன். (கொழுந்து பறிக்கிறவர்கள் மழையிலும் செடியிலும் நனையாமல் இருக்கச் சுற்றிக்கொள்கிற தடித்த ரெட்டுத் துணிதான் படங்கு.) விடியாத நேரத்தில், கம்பளியும் படங்குமாக, தேயிலைப் பக்கம் நடந்து போகிற ஒரு பெண்ணைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அம்மா அந்த வாரம் கால் வீக்கத்தோடு வீட்டில் படுத்திருந்தாள். அதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

சாமான் கட்டுவதைப் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பனி நாட்டில் இருக்கிற ஒரு தாடிக்காரர், எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு மடித்துக் காட்டினார். தண்ணீர் புகாத பை என்றார், நான் உரச் சாக்கு எடுத்தேன். இழுத்துக் கட்ட வார் என்றார், பழைய டியூப்பைக் கீறி வார் எடுத்தேன். குட்டி அடுப்பு என்றார், எங்களிடம் இருந்தது தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல்தான், அதைக் கட்டினேன். சாப்பாடு லேசாக இருக்க வேண்டும் என்றார், நான் மாவும் ஒரு தேங்காயும் வைத்தேன். தேங்காய்ச் சம்பல் இல்லாமல் நான்கு நாள் ரொட்டி தின்னச் சொல்வது மனிதத்தன்மை இல்லை என்பது என் எண்ணம். அட்டைக்கு உப்பு, சளிக்குத் தைலம், பேய்க்குத் திருநீறு. கடைசியில் சைக்கிள், வீடு மாறிப் போகிற குடும்பம் மாதிரி ஆகிவிட்டது.

பயணத்துக்குச் சில நாள் முன்பு ருவன் சேர் போன் எடுத்தார். என் போனில் காதில் வைத்துக் கேட்கிற பகுதி வேலை செய்யாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் பேச்சு நின்றுவிடும். அம்மா வாசலுக்கு வெளியே வெயில் தேடி உட்கார்ந்திருந்தாள். சேருக்குத் தெரிந்த தமிழ் இவ்வளவுதான்:

"நங்கி, நல்லாப் பழகிக்கோங்க. பாரம் தூக்கணும். மழை வந்தாலும் மலைக்குப் போகணும். நல்லாச் செஞ்சா பேர் போடுறது, மாசச் சம்பளம்."

"சரிங்க சேர். மலைக்குப் போறதுக்கு நான் தயாருங்க" என்று நானும் தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்துக் காம்பராப் பாக்கியம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கீரையை அப்படியே வைத்துவிட்டு அம்மாவிடம் போனார். "மதினி, மனச தேத்திக்கங்க. ஒங்களுக்குப் பதிலா ஒங்க மக சுகந்தி பேர் பதிஞ்சிருச்சு. ஒரு வாரமா விடியாம எந்திரிச்சு, கம்பளியப் போட்டுக்கிட்டு மலைக்குத்தான் போகுது. நான் கண்ணால பாத்தேன்."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும்தான். கோபமாக இருந்தால் சத்தம் போடுவாள். இது அப்படி இல்லை. என் கையைப் பிடித்து விரலைத் தடவிப் பார்த்தாள். கொழுந்துக் கறை இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். சைக்கிள் செயின் கிரீஸ் அழுந்தப் பிடித்திருந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போய்விட்டது. கால்வலியாக இருக்கும் என்று நான் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். என் அறிவு அப்போது அவ்வளவுதான்.

பயணத்துக்கு முந்தின நாள் காலையில், முழுச் சாமானோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று மேல்லயத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்து இறங்குகிற பாதை நேராகப் பெரட்டுக் களத்தில் வந்து முடியும். காலையில் எல்லோரும் கூடி, யார் எந்த மலைக்கு என்று கங்காணி பேர் போட்டுப் பிரித்து அனுப்புகிற இடம் அது. நான் திரும்பி வருவதற்குள் பெரட்டு கலைந்துவிடும் என்பது என் கணக்கு.

அன்றைக்குக் கலையவில்லை. ஏனென்றால் அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, படியைப் பிடித்து, அந்தக் காலோடு இறங்கிப் போயிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் துரைமார் முன்னால் வாய் திறக்காதவள், எல்லாப் பெண்களும் பார்க்க, தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையிடம் கை கூப்பியிருக்கிறாள்.

"எம் மகளுக்குப் பேர் போடாதீங்கய்யா. அது படிச்ச பிள்ளை. என் கால் போனாப் போகட்டும், நானே வாறேன். அவள மலைக்கு எடுக்காதீங்க."

சின்னத்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. கங்காணியைப் பார்த்தார். கங்காணி, "அப்படி யாரும் பேர் பதியலயே செல்லம்மா" என்றார். "பொய் சொல்லாதீங்க" என்று அம்மா சொன்ன அந்த நேரத்தில்தான் நான் வந்தேன்.

வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். பிரேக் நனைந்திருந்தது. பின்னால் இருந்த பாரம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது. கேத்தல் அடித்துக்கொண்ட சத்தத்தில் பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகுக்குப் பின்னால் பெரிய சாக்கு. அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் பயந்ததெல்லாம் அவள் கண்ணெதிரே, அவள் நினைத்ததைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது.

அம்மாவை இடித்துவிடக்கூடாது என்று சட்டென்று திருப்பினேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகைத் தூணில் போய் விழுந்தேன். உரச் சாக்கு கிழிந்து மாவு கொட்டியது. தேங்காய் மட்டும் உருண்டு போய்ச் சின்னத்துரையின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெரட்டுக்கு லேட்டு. இன்னைக்குப் பேர் இல்ல, வீட்டுக்குப் போ" என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். அம்மா என் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். வெகுதூரம் போன பிறகு கேட்டாள்.

"அப்ப நீ மலைக்குப் போகலயாடி?"

"போறதாத்தான் இருந்துச்சும்மா. இந்த மலைக்கு இல்ல."

"வேற எந்த மலைக்கு?"

"சும்மா மலைக்கு. சுத்திப் பாக்குறதுக்கு."

"மலையப் பாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள். பிறகு ஆட்டோ குலுங்குகிற அளவுக்குச் சிரித்தாள், அப்படியே அழவும் செய்தாள். நான் கைவலியில் அழுதேன் என்று இதுவரை சொல்லிவந்திருக்கிறேன்.

பயணம் நான் இல்லாமல் போனது. நுவரெலியாப் பக்கத்துப் பெண் ஒருத்தி நான்கு நாளையும் முடித்து வேலையை வாங்கிக்கொண்டாள். "அடுத்த சீசன் பார்ப்போம் நங்கி" என்று ருவன் சேர் சொன்னார். வளைந்துபோன சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனிதர். அடுத்த சீசனில் அவருடைய நிறுவனக் கதவில் பூட்டுத் தொங்கியது.

என் கையில் கட்டு. வீட்டில் வேறு வரும்படி இல்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மா எழுந்து, முழங்காலில் துணியைச் சுற்றி, கூடையை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்வோம் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "சைக்கிளுக்குப் போயிட்டு வாறேன்டி" என்றாள்.

பாக்கியம் அக்கா காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் மலைக்குப் போவதற்குப் பெயர் சைக்கிள். 'இன்னைக்கு எந்தச் சைக்கிள்?' என்றால் எந்த மலையில் வேலை என்று அர்த்தம். லீவு போட்டால் 'சைக்கிள் பஞ்சர்'. கல்யாணம் பேச வந்தவர்களிடம்கூட யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் நான் சைக்கிள் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது நான் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். வாசல் படியை இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். என் கட்டை அவிழ்த்து, எனக்கு ஒரு வேலை அமைகிற வரைக்கும் அவள் அந்தக் காலோடு மேடு ஏறி இறங்கினாள், முழங்கால் அதில்தான் முடிந்துபோனது என்று டாக்டர் சொன்னார். என்னை மலைக்கு எடுக்காதீர்கள் என்று பெரட்டில் போய்க் கை கூப்பி நின்றவள், என்னால்தான் கடைசிவரை மலைக்குப் போனாள். ராத்திரி தைலம் தேய்க்கும்போது ஒருநாள் இதை அவளிடமே சொன்னேன்.

அம்மா காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கென்னடி கஷ்டம்" என்றாள். "நான் சைக்கிள்லதான போனேன்."