எனக்குச் சொந்தமான கடல்

காணும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ஏகமனதான முடிவு. கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் வந்திருந்தேன்.

காரணம் கேட்டாள் என் மனைவி கண்ணகி. ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வரும் நேரம் என்றேன். அது வர மாசி பிறக்க வேண்டும் என்பது கச்சிராயபாளையத்தில் மாடுகளுக்கும் தெரியும். உண்மையான காரணம் வேறு.

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு என்ன மிஞ்சுகிறது? எனக்கு மிஞ்சியது கொஞ்சம் கரும்பு, முழங்கால் வலி, ஒரு கடல். வருஷா வருஷம் மாலை போட்டு, பக்கத்து வீட்டு அரங்கநாதனோடு சபரிமலைக்குப் போகிறேன். திரும்பும்போது வண்டி கன்னியாகுமரியில் நிற்கும். கண்ணகி கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் அங்கிருந்து நான் கொண்டுவந்ததையெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். பாசிமணி, சங்கு, நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற கதை. ஒரு வருஷம் அரங்கநாதனை அலை அடித்துக்கொண்டு போனது. நான் நீந்திப் போய் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நடந்தது என்னவென்றால், நாங்கள் இருவரும் மணலில் நின்று மாங்காய் தின்றோம். அலை வந்தபோது பின்னால் போனோம். அலை போனபோதும் பின்னால் போனோம்.

வீட்டில் ஒரு ஆளாவது நம்மை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பது தப்பா? தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவளே போய்க் கழுத்தளவில் நின்றுவிட்டால், நான் நின்றதற்கு என்ன மரியாதை?

முடிவெடுத்த மறுநாள் வயலிலிருந்து வருகிறேன். கண்ணகி சிவப்புப் புடவையில், கழுத்தில் சக்தி மாலையோடு நிற்கிறாள்.

"இன்னா இது?"

"மாலை போட்டுக்கினேன். செவ்வந்தியும் போட்டுக்கினா."

செவ்வந்தி, அரங்கநாதனின் மனைவி.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"நீங்க யாரக் கேட்டுப் போடறீங்க சாமி?"

"சரி, கோயிலுக்குத்தான? போய்ட்டு நேரா வூடு வந்து சேரு."

"பஸ்ஸு திரும்பி வரச்சொல்ல புதுச்சேரி பக்கம் கடல்ல குளிச்சிட்டுதான் வரும். காணும் பொங்கல் அங்கதான். எங்க சக்தி மன்றத்துத் தலைவி ஆண்டாளம்மா முடிவு பண்ணிட்டாங்க."

"ஏன்டீ..."

"சக்தி."

"இன்னாது?"

"மாலை போட்டவங்கள டீ போட்டுக் கூப்புடக் கூடாது. சக்தின்னு சொல்லணும். எதிர்ல சத்தம் போடக் கூடாது. வூட்டுல கவுச்சி ஆவாது. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

சட்டம் என்னுடையது. ஒவ்வொரு கார்த்திகையிலும் விடியுமுன் குளித்து எனக்குத் தனியாகச் சமைத்தவள், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சக்திக்கு ஒரு காப்பி."

போட்டேன்.

"சர்க்கரை கம்மியா."

கரும்பு போடுகிறவன் வீட்டில் சர்க்கரை கம்மி. மாட்டுப் பொங்கலுக்குக் கறியும் இல்லை. கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கத்திரிக்காயும் என்னைப் பார்த்தது.

இதற்கிடையில் அரங்கநாதனைத் தேடிப் போனேன். மோட்டார் கொட்டகையில் என்னைவிட வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போறாங்கடா," என்றான்.

"போவட்டும். தண்ணியில எறங்கக் கூடாது. மூட்ட தூக்க ரெண்டு ஆம்பளைங்க வேணும்னு ஆண்டாளம்மா தேடிக்கினு இருக்காங்களாம். கண்ணகிதான் பேச்சுவாக்குல சொன்னா. நாம போவோம். கரையிலியே பயமுறுத்தி பஸ்ல ஏத்திடுவோம்."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. நண்பனுக்காக இவ்வளவு கவலைப்படுகிறானே என்று மனம் நெகிழ்ந்தது.

கோயில் முடிந்தது. கடற்கரையில் பஸ் நின்றது. ஒரு பஸ் நிறையச் சிவப்புப் புடவைகள் இறங்கி ஓடின. கண்ணகியும் செவ்வந்தியும் மட்டும் மணலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் சமயம்.

"சக்தி, இன்னிக்கு அலை சரியில்ல. அடியில இழுப்பு ஜாஸ்தி. கால வச்சா போச்சு."

"அப்ப நீங்க முன்னால எறங்குங்க. ஒங்க கையப் புடிச்சிக்கினு வரோம்."

"முழங்கால் வலிக்குது."

"கழுத்தளவுல நின்னவரு நீங்க."

"அது வேற கடலு."

"கடல்ல இன்னா வேற கடலு?"

செவ்வந்தி குறுக்கே வந்தாள். "ஏன்ணே, எங்க வூட்டுக்காரரு ஒங்க முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்தாரே, அன்னிக்கும் இந்த மாதிரி அலைதானா?"

திரும்பி அரங்கநாதனைப் பார்த்தேன். அவன் குனிந்து ஒரு நண்டு வளையை ஆராய்ந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷமும் அவன் வீட்டில் நான் மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணகி சிரிக்கவில்லை. "யாரு யார இழுத்ததுன்னு கொழாயடியில நாங்க எப்பவோ பேசி முடிச்சிட்டோம்."

"தெரிஞ்சிக்கினேவா கேட்டுக்கினு இருந்த?"

"ஆசையா சொல்லுவீங்க. வேற இன்னா இருக்குது ஒங்களுக்குன்னு வுட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செருப்பைக் கழற்றினாள். பையை என் தோளில் மாட்டினாள். இருவரும் கைகோத்து இறங்கினார்கள். முதல் அலை இருவரையும் உருட்டித் தள்ளியது. எழுந்தார்கள். கண்ணகி சிரித்தாள். அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வீட்டில் சிரிக்க எதுவும் நடக்கவில்லையா, இல்லை நான் இருக்கும்போது சிரிப்பதில்லையா? யாரிடம் கேட்பது? அரங்கநாதனைக் கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பான்.

மார்பளவுத் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பதிலுக்கு அசைக்கக் கை இல்லை. எனக்குத் தெரியாத பெண்களின் பைகளும் செருப்புகளும் அதற்குள் என்மேல் வந்து சேர்ந்திருந்தன. நனையாத ஆண்கள் அந்தக் கரையில் நாங்கள் இருவர்தான்.

வெயில் இறங்கியபின் எல்லோரும் சொட்டச் சொட்ட வந்தார்கள். ஆண்டாளம்மா பைகளைச் சரிபார்த்தார். ஒன்றும் குறையவில்லை. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்லியே கண்ணகி. போன வருசம் வந்த ஆளுங்க தண்ணியப் பாத்ததும் பையெல்லாம் போட்டுட்டு குதிச்சிட்டானுங்க. இவங்க எடத்த வுட்டு அசையவே இல்ல. எங்க புடிச்ச இவங்கள?"

கண்ணகி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான கேட்டீங்க சக்தி, தண்ணியில எறங்காத ஆளுங்களா வேணும்னு."