பெஞ்சில் உட்கார்ந்திருந்த போட்டோகொப்பி

ஊவா மாகாணத்தில் கூடைப்பந்து ஆடிய அத்தனை பேரும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த ஆளோடு பதுளையில் ஒரே விடுதியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவன் பெயர் போட்டோகொப்பி. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். விடுதியில் அதை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். எங்கள் தொழிற்பயிற்சி நிலைய அணியில் கடைசி ஆள். கடைசி ஆள் என்றால் மற்ற அணிகளில் தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல். எங்களைப் பழக்கிய நானா அப்படி நினைக்கவில்லை. பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் அவர், ஊருக்கே நானா, அதாவது அண்ணன். அடுத்த போட்டி யாரோடு என்று தெரிந்ததும் போட்டோகொப்பியை அந்த ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார். அவன் அங்கே உள்ள முக்கியமான ஆட்டக்காரனை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, அந்த ஆளாகவே திரும்பி வருவான். பயிற்சியில் நாங்கள் அவனை எதிர்த்து ஆடவேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், பயிற்சி முடிந்தாலும் அவன் அந்த ஆளை இறக்கி வைக்கமாட்டான். பண்டாரவளையில் ஒரு இடக்கைக்காரன் இருந்தான். அந்த வாரம் முழுக்க போட்டோகொப்பி பல் துலக்கியதும் இடக்கையால், பொத்தான் போட்டதும் இடக்கையால். சோற்றிலும் இடக்கையை வைத்தபோது சமையல்கார அண்ணன் அகப்பையை ஓங்கிவிட்டார்.

"சோத்துலயுமாடா?"

"கை பழகணும்லண்ணே. ஞாயித்துக்கெழம மெச் முடிஞ்சதும் மாத்திக்கிறேன்."

அடுத்து ஒரு வெலிமடைக்காரன். நடுவரோடு சண்டை பிடிக்காமல் அவன் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. விடுதியில் நடுவர் இல்லை, வார்டன் இருந்தார். விளக்கை அணைக்கச் சொன்ன வார்டன் முன்னால் போட்டோகொப்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், "எத வச்சு சொல்றீங்க?" என்று கையை விரித்தான். வார்டன் அவனைப் பெட்டி படுக்கையோடு வெளியே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் நானா கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்.

"கோவிக்க வாணாம் சேர். அது இவரில்ல, வெலிமடக்காரன்."

"அப்ப இவரு எங்க?"

"மெச் முடிஞ்சதும் வந்துருவாரு சேர்."

வார்டன் மன்னித்தார் என்று சொல்ல முடியாது. யாரை மன்னிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை, அதனால் விட்டுவிட்டார்.

இப்படி ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு மெச்சிலாவது உள்ளே இறங்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெர்சியை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருவான். அது மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். கடைசி வருஷத்து இறுதிப் போட்டி மொனராகலையில், அந்த ஊர் அணியோடு. அதோடு எங்கள் படிப்பும் முடிகிறது. அன்றைக்கு இறங்காவிட்டால் அவன் ஆயுசுக்கும் இறங்கப்போவதில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மொனராகலை அணியில் ஒருவனை லொக்கு என்பார்கள். சிங்களத்தில் பெரியவன் என்று அர்த்தம், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். போட்டோகொப்பிக்கு அந்த உயரம் வராது. அதற்காக விடுதியைக் கூட்டுகிற நீளத் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் எறிந்த பந்தையெல்லாம் அதால் தட்டிவிட்டான். பந்து தப்பினால் அடி எங்கள் தலையில் விழுந்தது. விடுதியின் தூசி முழுக்க எங்கள் முடிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இறுதிப் போட்டியில் லொக்கு எதிரே வந்து நின்றபோது யாருக்கும் பயமே இல்லை.

"என்ன மச்சான், இவன் கொஞ்சம் கட்டையா இருக்கான்?" என்று ஒருத்தன் என் காதில் சொன்னான்.

கெப்டன் நான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது என் கணுக்கால் பிசகிவிட்டது. புள்ளிகள் சமம். பெஞ்சில் இருந்தவர்களில் லொக்குவின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தவன் ஒருத்தன்தான். நானா அவனைப் பார்த்தார்.

"தம்பி, எறங்குங்க."

போட்டோகொப்பி எழுந்து நின்றான்.

"யாரா எறங்கணும் நானா?"

"நீங்க நீங்களாவே ஆடுங்க."

"அது பழக்கமில்லையே நானா."

தரையில் காலை நீட்டிக் கிடந்த என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு உள்ளே ஓடினான். ஓடும்போது வலது தோள் சரிந்திருந்தது. காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான், ஜெர்சிக் கழுத்தில் மூக்கைத் துடைத்தான். பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். அது நான்தான் என்று கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்.

நான் எங்கே நிற்பேன் என்று பார்க்காமலே பந்து எறிந்து பழகியவர்கள் எங்கள் பையன்கள். அன்றும் பார்க்காமலே எறிந்தார்கள், அங்கே அவன் நின்றான். கெப்டன் இல்லாத அணி என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி நொடிகளில் லொக்கு அவனைத் தள்ளிவிட, இரண்டு ப்ரீ த்ரோ கிடைத்தன. புள்ளிகள் அப்போதும் சமம், ஒன்று விழுந்தால் கோப்பை எங்களுக்கு. நான் ஒற்றைக் காலில் எழுந்து நின்றேன். முதல் ப்ரீ த்ரோவை எப்போதும் வளையத்தின் இடது விளிம்பில் அடித்துத் தொலைக்கிறவன் நான். அது ஊரறிந்த விஷயம்.

"டேய், அத மட்டும் என்னய மாதிரி போடாதடா," என்று கத்தினேன்.

பந்து இடது விளிம்பில் பட்டு வெளியே போனது. இம்மியும் பிசகவில்லை. நானா தலையில் கையை வைத்துக்கொண்டார். அவன் என் பக்கம் திரும்பி, பொறு என்பதுபோல் கையைக் காட்டினான். இரண்டாவதை நான் ஒருநாளும் விட்டதில்லை. அவனும் விடவில்லை.

பதுளைக்கு பஸ் ஏறினோம். வியர்வையில் நனைந்த ஜெர்சியைக் கழற்ற மனமில்லாமல், மலை ஏற ஏறக் குளிரில் நடுங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னய எப்படா படிச்ச? நானா ஒன்னய அதுக்கு அனுப்பலியே."

"மத்தவங்கள பாக்கத்தான் மச்சான் பஸ் ஏறணும். ஒன்னய பெஞ்சுல இருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா ஆடுற ஆள பாக்க ஆசையா இருக்கும்ல."

என்னை அவ்வளவு நாள், அவ்வளவு ஆசையாக வேறு யாரும் பார்த்ததில்லை. இதை என் மனைவியும் வாசிப்பாள், பரவாயில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வருவது கெப்டனின் உரிமை. நான் அதை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். தூங்கும்போது அவன் வேறு யார் மாதிரியும் இல்லை, எங்கள் போட்டோகொப்பி மாதிரியே இருந்தான்.