மச்சான் வீட்டுக்குப் போகாத மூன்று நாள்

பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில், பட்டுப்புடவை கட்டிய பொம்மைக்குப் பின்னால் கலியமூர்த்தி குந்தி உட்கார்ந்திருந்தார்.

"முட்டிவலின்னு சொல்லி பத்துமலையில ஏறமாட்டேன்னீங்க. இங்க மட்டும் எப்படிங்க உக்கார முடியுது?" என்றாள் மனைவி அமுதவள்ளி.

"மெதுவாப் பேசு. அந்தப் பூக்கடைகிட்ட நிக்கிறது யாரு, பாரு."

அமுதவள்ளி எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி அவளும் பொம்மைக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"அய்யய்யோ, கார்த்திகேசு அண்ணன்!"

கார்த்திகேசு அவளுடைய சித்தப்பா மகன். ரயிலில் போனால் ஒரு மணி நேரத்தில் வரும் கிளாங் ஊரில் பிறந்து வளர்ந்து, பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர் 'லா' போட்டுக்கொண்டு, அங்கேயே வீடு வாசல் என்று இருப்பவர். கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லாத அமுதவள்ளிக்கு அண்ணன் என்றால் அவர்தான். தை மாதம் மகள் அனுப்பிரியாவின் கல்யாணத்தில் தாய்மாமனாக வந்து நிற்கப்போவதும் அவர்தான்.

அப்படிப்பட்டவரிடம்தான் கலியமூர்த்தி பொய் சொல்லியிருந்தார்.

மன்னார்குடியில் பெட்டி கட்டும்போதே போன் போட்டு, "டூர்க்காரன் எங்கயும் விடமாட்டான் மச்சான். கடைசி நாள் பஸ்ஸோட அப்படியே ஏர்போர்ட்டுதான். உங்க வீட்டுக்கு வர முடியலையேன்னு மனசே ஆறல" என்று உருகியிருந்தார். இப்போது டூர் முடிந்து, கூட்டம் விமானம் ஏறிவிட்டது. இவர்கள் இருவர் மட்டும் கூடுதலாக மூன்று நாள் போட்டுக்கொண்டு தங்கிவிட்டார்கள்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பாவம். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. டூரிலோ டூர்க்காரன் விசில் ஊதி ஊதியே விரட்ட, சிங்கப்பூரையும் இந்த ஊரையும் ஓட்டமாக ஓடிப் பார்த்தாயிற்று. மச்சான் வீட்டுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். சோபாவில் உட்காரவைத்து, மூன்று நாளும் தோசை சுட்டுப் போட்டே கொன்றுவிடுவார்கள். "ஒரு தடவையாவது நாம நினைச்ச நேரத்துக்கு எந்திரிச்சு, நினைச்ச பக்கம் போவோங்க" என்று அமுதவள்ளி கேட்டபோது அவருக்கு மறுக்க மனம் வரவில்லை.

ஆனால், ஊருக்கு வந்துவிட்டு வீட்டுவாசலை மிதிக்காமல் போனது தெரிந்தால் எந்த மாமன் கல்யாணத்துக்கு வருவான்? அந்த இடத்தில் இருந்தால் கலியமூர்த்தியே வரமாட்டார்.

"நம்மளப் பாத்துட்டாரா?"

"தெரியலையே."

"இரு, போன் பண்ணியே பாத்துடறேன்." அவர் குந்தியபடியே எண்ணை அழுத்தினார். "மச்சான்! நல்லபடியா ஊர் வந்து சேந்துட்டோம்!"

"அப்படியா மாப்ள! அப்பாடா! ரொம்ப சந்தோஷம் லா! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!"

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு, 'நம்ம மேல என்ன பாசம்' என்று கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடைவாசல் ஒலிபெருக்கியில் ஒரு குத்துப்பாட்டு அலறியது.

"என்ன மாப்ள, அங்கயும் இதே பாட்டா?"

"இங்க... இங்க கோயில் திருவிழா மச்சான்!" என்று சொல்லிப் போனை அணைத்தார்.

அமுதவள்ளிக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணன் இங்க இருக்காருன்னா கிளாங்ல இருக்கமாட்டாருல்ல? அப்ப நமக்குக் கிளாங்தாங்க பத்திரம்."

கணக்கு சரியாகத்தான் பட்டது. கலியமூர்த்தி முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார். போதாதென்று, டூரில் கொடுத்த மஞ்சள் தொப்பியையும் கவிழ்த்துக்கொண்டார். மறைந்து திரிகிறவர் மஞ்சள் தொப்பி போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலேறிக் கிளாங்குக்குப் போனார்கள்.

வாழையிலைச் சாப்பாட்டை ஆற அமரச் சாப்பிட்டார்கள். யாரும் விசில் ஊதவில்லை. அமுதவள்ளி இரண்டாவது தடவை ரசம் வாங்கி, அவர் இலையிலிருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டாள். அதோடு திரும்பியிருக்கலாம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு... அண்ணன் வீட்டை வெளியில இருந்தாவது பாத்துட்டுப் போவோங்க. மனசு கேக்கல."

டாக்சி பிடித்துப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. கலியமூர்த்தி வாசல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து எட்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தாள்.

"யாரு லா நீ? என்ன பாக்குற?"

"சும்மா... வீடு வாங்கலாம்னு..."

"பூட்டிக் கிடக்குற வீட்டையா?" என்றவள் கைப்பேசியைத் தூக்கிக் 'கிளிக்' என்று ஒரு படம் எடுத்தாள். அமுதவள்ளி அதற்குள் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள். கலியமூர்த்தியின் முட்டிவலி அன்று இரண்டாவது முறையாகக் காணாமல் போனது.

மாலையில் பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருந்த ஓட்டலுக்குள் மூச்சு வாங்க நுழைந்தார்கள். தொப்பி, கண்ணாடி, கவசம் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாயிற்று. 'அப்பாடா' என்று லிப்ட் முன்னால் நின்றார்கள். கதவு திறந்தது. உள்ளே கார்த்திகேசு, அவர் மனைவி இராஜம்மா, ஒரு பெரிய பெட்டி. ஒளிந்துகொள்ள அங்கே பொம்மை எதுவும் இல்லை.

"மாப்ள?"

"மச்சான்?"

"ஊர் சேந்துட்டோம்னீங்களே?"

"ஏர்போர்ட் சேந்துட்டோம்னு சொல்ல வந்தேன் மச்சான். விமானத்துல கோளாறு. இங்க கொண்டாந்து தங்க வெச்சுட்டாங்க."

கோயில் திருவிழாவைப் பற்றிக் கார்த்திகேசு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைத் தலையை ஆட்டினார்.

"நீங்க எப்படி இங்க, மச்சான்?"

"எங்க ஏரியா பூரா தண்ணி கட் மாப்ள. குளிக்கக்கூட வழியில்ல. அதான் இங்க ரூம் எடுத்துட்டோம். இல்லன்னா உங்கள விடுவனா? கையப் புடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன் லா."

"தெரியாதா மச்சான்!"

"இப்ப அவசரமாப் போறோம். எவனோ வீட்டை நோட்டம் பாத்திருக்கான். பக்கத்து வீட்டு நல்லம்மாள் போட்டோ அனுப்பியிருக்கு." கைப்பேசியை நீட்டினார். "நிக்கிறதப் பாரும்மா அமுதா. பரம்பரைத் திருடன் லா!"

கலியமூர்த்தி சட்டை தெரியாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆமாண்ணே, பாத்தாலே தெரியுது" என்றாள் அமுதவள்ளி.

"சரிம்மா, தை மாசம் மொத ஆளா மாலையோட வந்து நிப்பேன். கவலப்படாத."

கலியமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மச்சானுக்குத் துளியும் சந்தேகமில்லை. கல்யாணம் தப்பித்தது. மீதி நாட்களை இனி நிமிர்ந்து நடந்தே கழிக்கலாம். சந்தோஷம் தாங்காமல் பெட்டியை அவரே வாங்கி, வரவேற்பு மேசை வரை தூக்கிக்கொண்டு போனார்.

மேசையில் இருந்த பெண் சாவியை வாங்கிக்கொண்டு, கார்த்திகேசுவைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள்.

"செக் அவுட்டா அங்கிள்? டூர் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து ஒட்டிக்குவாங்கன்னு பயந்து இங்க வந்து தங்குனீங்களே, அந்த இந்தியா சொந்தக்காரங்க ஒரு வழியா ஊருக்குப் போய்ட்டாங்களா?"