ஒரு பக்கத்துப் பிரேக்கோடு போன சீர்வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கைபோன போக்கில் புள்ளி வைத்திருக்கிறேன். ஞாபகமும் முன்போல இல்லை. ஆனால் இந்த ஒரு நாளை மட்டும் என்னை மறக்க விடமாட்டேன் என்கிறார்கள் வீட்டில் இருப்பவர்கள். ஆளுக்கு ஒரு விதமாக அவர்கள் சொல்வதைவிட நானே எழுதிவிட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும்.

நான் பெரிய கூச்சக்காரி. இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் டிராக்டர் ஓட்டுவேன் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் காடு, அதாவது உழவு நிலம், திருச்செங்கோட்டுப் பக்கம். வீட்டுக்காரருக்கு மூட்டுவலி வந்து கிளட்சு மிதிக்க முடியாமல் போனது. மகன் செந்திலுக்குக் கோழிப்பண்ணை வேலையே சரியாக இருந்தது. காட்டுக்குள் என்னைப் பார்க்க யாரும் இல்லை என்கிற தைரியத்தில் நானே ஏறி உட்கார்ந்து பழகிக்கொண்டேன். (காக்கை பார்த்தது. அதற்கு நான் கூச்சப்படவில்லை.)

டிராக்டரில் ஒரு சங்கதி உண்டு. பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனிப் பிரேக். வலது காலடியில் இரண்டு மிதிகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இடது மிதியை மட்டும் அழுத்தினால் இடது சக்கரம் நிற்கும், வலது சக்கரம் ஓடும், வண்டி ஒரு பாய் விரிக்கிற இடத்தில் இடப்பக்கம் திரும்பிவிடும். உழும்போது வரப்போரத்தில் இது வேண்டும். ரோட்டுக்கு வந்தால் இரண்டு மிதியையும் ஒரு கொண்டியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் மகள் கவிதாவைச் சங்ககிரியில் கொடுத்திருக்கிறோம். லாரிக்காரர்கள் வீடு. அந்த வீட்டில் குழந்தை பிறந்தால் அழுவதற்குப் பதில் ஹாரன் அடிக்கும். கவிதாவின் மூத்த ஓரகத்தி பிள்ளைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் சீர் ஒரு லாரி நிறைய, விளக்கெல்லாம் போட்டு வந்ததாம். அதற்குப் பிறகு கவிதாவின் மாமியார் எதை எடுத்தாலும் "பெரியவ ஊட்டுச் சீரு மாதிரி வருமா?" என்பதே பேச்சு. சாம்பார் நன்றாக இருந்தால்கூட அந்தச் சீரோடு ஒப்பிடுவாராம். கவிதாவின் பையனுக்குக் காதுகுத்து வந்தபோது அவள் போனில் சொன்னாள்:

"அம்மா, பெருசா ஒண்ணும் வேண்டாம். நான் தலை குனியற மாதிரி ஆகாம இருந்தாப் போதும்."

செந்தில் டிராக்டரைக் கழுவிப் பூமாலை சுற்றினான். டிரெய்லரில் சீர்த்தட்டுகள், லட்டு, பலாப்பழம், எங்கள் பண்ணை முட்டை அட்டைகள் கோபுரமாக. ஓட்டுவதற்கு எங்கள் பங்காளிப் பையன் ஒருவன். முந்தின நாளே வண்டியைச் சங்ககிரிக்குக் கொண்டுபோனவன், சம்மந்தி வீட்டுப் பிரியாணியை ஒரு கை பார்த்திருக்கிறான். காலையில் அவனால் கழிவறையை விட்டு வெளியே வர முடியவில்லை.

தாய்மாமன் தட்டோடு முன்னால் நடக்க வேண்டும், அதனால் செந்தில் ஓட்ட முடியாது. லாரிக்காரர்களிடம் டிரைவர் கேட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. என் நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தட்டுகளுக்குக் காவலாக டிரெய்லரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அம்மிணி, நீயே ஓட்டறது? பிள்ளையார் கோயல்ல இருந்து மண்டபம், கூப்பிடு தூரம்."

"ஐயோ நங்கை, அத்தனை பேரும் பார்ப்பாங்க."

"பாக்கட்டுமே. உன்னைப் பொண்ணு பாக்கவா வாராங்க?"

ஏறிவிட்டேன். ஜமாப் மேளம் முழங்கியது. வழியில் ஓடைப் பாலம் ஒன்று, செங்குத்தாக ஏறி இறங்கும். இறங்கினால் மண்டப வாசல். மேட்டைப் பார்த்ததும் எனக்குக் காட்டுப் புத்தி வந்தது. பின்னால் பாரம் இழுக்க, மேடேறும்போது டிராக்டர் மூக்கைத் தூக்கும். முன்சக்கரம் மண்ணில் பட்டும் படாமலும் நிற்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் காற்றில்தான் திரும்பும். இடது மிதி, வலது மிதி என்று மாற்றி மாற்றி லேசாகத் தொட்டுத்தான் நேராக ஓட்ட வேண்டும். குனிந்து கொண்டியைக் கழற்றினேன். இடது தொட்டேன், வலது தொட்டேன். கோலப்பொடி இழுத்த மாதிரி நேராக ஏறியது வண்டி.

பாலத்தின் உச்சியில் நின்றபோது மண்டப வாசலில் இருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ஏனப்பா, அந்தம்மாவா ஓட்டறாங்க?"

யாரோ விசில் அடித்தார். என் வாழ்க்கையில் எனக்காக அடித்த முதல் விசில். தலை கிறுகிறுத்துவிட்டது. வாசலில் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி என்னமோ கத்தினார். ஜமாப் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். ("கொண்டியப் போடு! கொண்டியப் போடு!" என்பதுதான் அந்தப் பாராட்டு.)

வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. டிரெய்லர் பின்னால் இருந்து தள்ளியது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலில் மாட்டியது இடது மிதி மட்டும். டிராக்டர் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி வலப்பக்கம் சாய்ந்தது. இடது சக்கரம் தரையை விட்டு எழும்புவது என் இடுப்புக்குத் தெரிந்தது. பயந்துபோய்க் காலை எடுத்துத் தேடியதில் வலது மிதி அகப்பட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பி இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி இடது. மறுபடி வலது. சாமி வந்தவள் மாதிரி ஆடிக்கொண்டே இறங்கினேன். ஜமாப்காரர்கள் நான் அவர்கள் அடிக்குத்தான் ஆடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள்.

முன்னால் நடந்த செந்தில் திரும்பிப் பார்த்தான். தட்டோடு ஒரே தாவாகத் தாவி இளநீர்க் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். லட்டுகள் எங்களுக்கு முன்னால் மண்டபத்துக்கு உருண்டு போயின. மேலே இருந்த முட்டை அட்டை பறந்துபோய் ஜமாப் முரசின் மேல் விழுந்தது. அப்போதுதான் மேளம் நின்றது. வாசலில் கட்டியிருந்த வாழைமரங்கள் இரண்டையும் என்ஜின் மேல் சாய்த்துக்கொண்டு டிராக்டரும் நின்றது.

டிரெய்லருக்குள் பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்தபடி படுத்திருந்த நங்கைதான் முதலில் பேசினாள்.

"அம்மிணி, நான் உசுரோட இருக்கறனான்னு பாத்துச் சொல்லு."

கவிதாவின் மாமியார் வெளியே வந்தார். அவர் பின்னால் கவிதா, முகமெல்லாம் வெளுத்து. நான் இறங்கினேன்.

"தப்பாப் போச்சுங்க சம்மந்தி."

அவர் லட்டைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகூர்த்தம் போகுது. மொதல்ல பையனுக்குக் காதைக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செந்தில் மடியில் பேரன் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது, அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். கவிதா என் பக்கமே திரும்பவில்லை. இனி இந்த வீட்டில் அவள் காலம் முழுக்க இதைக் கேட்க வேண்டுமே என்றுதான் எனக்குக் கவலை.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் லாரிக்காரர்கள். அவர்களுக்கு என் மானம் முக்கியமில்லை, வண்டிதான் முக்கியம். சம்மந்தியின் கொழுந்தனார், வடக்கே எல்லாம் லாரி ஓட்டியவர், இலையில் இரண்டு இட்லியைப் பின்சக்கரமாக வைத்தார்.

"இடதை மட்டும் மிதிச்சா வண்டி இடப்பக்கம் திரும்பும், பாரம் வலப்பக்கம் சாயும். அப்ப இந்த இட்லி ஏந்திரிச்சிரும்." இடது இட்லியைத் தூக்கிக் காட்டினார். "அப்பறம் வண்டி கவுந்திருக்கோணும்."

"கவுழலீங்களே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அதுக்குள்ள அந்தம்மா வலதை மிதிச்சுட்டாங்கல்ல? சாஞ்ச பாரம் திரும்பி வந்திருச்சு. சக்கரம் பாத்துப் பிரேக் போட்டிருக்கறாங்கப்பா!"

"தெரிஞ்சு மிதிச்சாங்களா, தெரியாம மிதிச்சாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்னியைப் பார்த்தேன். கொழுந்தனார் யோசனையாக இடது சக்கரத்தைத் தின்றுவிட்டார்.

அப்போது சொந்தக்காரப் பெண் ஒருத்தி, குத்திக் காட்டுவதற்கென்றே, கவிதாவின் மாமியாரிடம் கேட்டாள்: "என்னுங்க, சின்ன மருமக ஊட்டுச் சீரு எப்படி?"

நான் பிட்ட இட்லியை இலையிலேயே வைத்துவிட்டேன். கவிதா கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள்.

"பெரியவ ஊட்டுல லாரில கொண்டு வந்தாங்க. டிரைவர் ஓட்டிட்டு வந்தான்" என்றார் அவர். "இவ ஊட்டுல பெத்த தாயே ஓட்டிட்டு வந்திருக்கறாங்க. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு இத்தனை வருசமாச்சு, இத்தனை லாரி இருக்குது, என்னை ஒருத்தராவது ஸ்டியரிங்கைத் தொட உட்டிருக்கீங்களா?"

லாரிக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். கவிதா சிரித்த சிரிப்பில் என் இலையில் சாம்பார் கொட்டியது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு லாரிச் சீர் என்ற பேச்சே எடுபடவில்லை. சீர் என்றாலே வாழைமரத்தில் மோதிய சீர்தான்.

போன வருடம் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினார். எங்களை உட்கார வைத்துப் பெருமையாகச் சொன்னார்: "வளைவுல வண்டி சாயற மாதிரி தெரிஞ்சா, எந்தச் சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு மட்டும் கம்ப்யூட்டரே பிரேக் போட்டுக்குமுங்க."

பின்சீட்டில் இருந்து சம்மந்தியம்மா கேட்டார்: "எங்க சம்மந்தி அன்னைக்கே காலுல செஞ்சதை, இவனுக இப்பத்தான் கண்டுபுடிச்சானுகளா?"

அன்றிலிருந்து அதற்கு எங்கள் இரண்டு வீட்டிலும் "அம்மாயி பிரேக்" என்று பெயர். (அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள், அதாவது நான்.) மழையில் கார் லேசாக அசைந்தாலே பேரன், "அப்பா, அம்மாயி பிரேக் போடுது!" என்று கத்துகிறான்.

நான் முதலில் மிதித்தது இடதா, வலதா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். நங்கை வேறு மாதிரி சொல்கிறாள். டிராக்டர் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், எதை மிதித்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். தெரிந்து மிதித்தேனா, தெரியாமல் மிதித்தேனா என்பதை மட்டும் துருவ வேண்டாம். சங்ககிரியில் எனக்கு இப்போது கொஞ்சம் மரியாதை இருக்கிறது.