ஓரெழுத்துக்கு ஒரு பைட்

கடைசி அறுபது குடும்பங்களுக்குத் தட்டில் இடமில்லை என்று கணினி கையை விரித்துவிட்டது.

எழுத்தர் பரமேஸ்வரன் தலையில் கைவைத்தான். அலுவலகம் கூட்டுகிற ராக்காயி கொண்டுவந்த தேநீர், அவள் தைத்த சின்னச் சதுரப் பூத்துணி விரிப்பின்மேல் ஆறிக்கொண்டிருந்தது. வவுனியாவில் அந்தக் குடியேற்ற உதவி அலுவலகத்துக்குக் கணினி வந்து மூன்று வாரம்தான். மலையகத்திலிருந்து வந்து கொட்டில்களில் கிடப்பவர்களின் பெயர்கள் அந்த ஃபிளொப்பித் தட்டில் ஏறி, வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போக வேண்டும். போனால்தான் மாரிக்கு முன் கூரைத் தகரம் வரும். பெயரில்லாதவர்கள் நனைய வேண்டியதுதான்.

"ஓரெழுத்துக்கு ஒரு பைட். ஆயிரத்து இருபத்துநாலு பைட் ஒரு கிலோபைட். இந்தத் தட்டு முந்நூற்றறுபது கிலோபைட்தான் கொள்ளும்," என்றார் மேலதிகாரி ராஜரத்தினம். "எழுத்தைக் குறையும்."

"வேற தட்டு இல்லையோ, சேர்?"

"பெட்டியை நான்தானே உடைச்சனான். ஒண்டுதான் கிடந்தது, மிச்சமெல்லாம் அட்டைக் குப்பை."

பரமேஸ்வரன் தகப்பன் பெயர்களை வெட்டினான். இடம் கிடைத்தது. கூடவே ஒரே ஊரில் பதினொரு பொன்னையாக்களும் கிடைத்தார்கள்.

"ஒரே ஆள் பதினொரு தரம் தகரம் கேக்கிறாரெண்டெல்லோ கொழும்பில நினைப்பினம்!" என்று ராஜரத்தினம் கத்தினார்.

'கிணற்றடிப் பொன்னையா', 'காது கேளாப் பொன்னையா' என்று அடையாளம் சேர்த்தான். தட்டு மறுபடி நிரம்பியது. இப்போது தொண்ணூறு குடும்பங்கள் வெளியே நின்றன. ஊர்ப் பெயர்களை வெட்டினான். தகரம் ஏற்றிப்போகும் லொறிச் சாரதி சின்னராசா பட்டியலைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்க் கிணத்தடி, தம்பி?" என்று கேட்டார். ஊர்கள் திரும்பி வந்தன.

வியாழன் மாலை, வேறு வழியின்றி, அந்தத் தொண்ணூறு பெயர்களையும் சிவப்பு மையால் கோடிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவனால் முடியவில்லை. கடைசிப் பெயர் ராக்காயியுடையது. பிள்ளைகள் நான்கு.

அவள் தேநீரோடு வந்து நின்றாள். விரிப்பைப் போட்டு, அதன்மேல் கோப்பையை வைத்தாள்.

"அக்கா, உங்கட பேரை விட்டிட்டன்," என்றான். "தட்டில இடமில்லை. என்னை மன்னியுங்கோ."

கொட்டிலின் கிழிந்த கிடுகுக் கூரை ராக்காயியின் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"எந்தத் தட்டுங்கய்யா?"

அவன் கணினியிலிருந்து அந்தக் கறுப்புச் சதுரத்தை உருவிக் காட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லத் தேநீர்க் கோப்பையைத் தூக்கினாள்.

"பெட்டியோட வந்த குப்பைன்னு பெரியய்யா எறியச் சொன்னாருங்க, பாழாப் போகுதேன்னு இதே மாதிரி ஒம்பதுக்கும் துணி தச்சு, கோப்பைக்கு அடியில போட்டுக்கிட்டிருக்கேன்."