பதினான்காம் பயிற்சி, மூன்றாம் கேள்வி: விடையில் பிழை

'மாலை ஆங்கிலம்' வார இதழின் பொறுப்பாசிரியர் ஷென் அம்மையார் அவர்களுக்கு,

ஹூனான் மாநிலத்தின் தெற்குக் கோடியில் ஓர் ஊர்ப் பள்ளியிலிருந்து பெங் லிசெங் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே விடாத மழை, மற்றபடி குறையொன்றும் இல்லை. அங்கே தலைநகரில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரமும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் தங்களிடமிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. கேட்டல் பயிற்சியிலோ வாசித்தல் பயிற்சியிலோ பிழை கண்டால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம் என்று போட்டிருந்தீர்கள். பெரிய மனசு. ஒரு பிழை இருக்கிறது. பதினான்காம் பயிற்சி, மூன்றாம் கேள்வி. ஓர் ஆணும் பெண்ணும் பேசுகிறார்கள், பேசும் இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறீர்கள். அ, கணவன் மனைவி. ஆ, கடைக்காரரும் வாடிக்கையாளரும். இ, உடன் வேலை செய்பவர்கள். விடைக்குறிப்பில் 'அ' என்று அச்சாகியிருக்கிறது. அது தவறு. அந்தப் பெண் குரல் யின் ஷுவென். அவளுடைய கணவன் நான்.

நான் ஆங்கில ஆசிரியன் இல்லை. மின்னணுவியல் டிப்ளமோ படித்துவிட்டு இந்தப் பள்ளியில் ஒலிபெருக்கி, மணி, மைக், கணினி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன். சாயங்காலப் படிப்பு தொடங்கும் முன்பு தங்கள் ஒலிப்பதிவை எல்லா வகுப்புகளுக்கும் ஓடவிடுவது என் வேலை. சின்ன உரையாடல் ஒரு தடவை, பெரிய உரையாடல் இரண்டு தடவை, நடுவில் விடை எழுத இடைவெளி. ஷுவென் பட்டாசு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் வேலையில் இருந்தாள். விடுமுறைகளில் தலைநகருக்கு ரயிலேறி வந்து தங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தாள். போன இலையுதிர் காலத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். இதை இங்கே எழுதுவது பிழைக்குச் சம்பந்தம் என்பதால் மட்டுமே. எங்கள் பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவி ஓயாங் டீச்சர் அப்போதே சொன்னார், "தம்பி, வேற பத்திரிகையோட பயிற்சி வாங்கிக்கலாம், நீ தினமும் இதை ஓட்டிட்டு இருக்க வேண்டாம்" என்று. எனக்கு ஒன்றுமில்லை என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. அவள் குரல் வந்தால் ஒலி அளவு மீட்டரில் முள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நிற்கிறது. என் பிரச்சினை அவள் இல்லை. அவன்.

அந்த ஆள் இரண்டாம் பயிற்சியில் அவளிடம் நூலகத்துக்கு வழி கேட்கிறான். சரி, வழி தெரியாதவன், போகட்டும். ஐந்தில் சட்டை வாங்க வருகிறான், வேறு நிறம் இருக்கிறதா என்கிறான், எடுத்துக் காட்டினால் அதற்கும் வேறு நிறம் கேட்கிறான். ஒன்பதில் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் ஒன்று கூடுதலாக இருக்கிறது, வருகிறாயா என்கிறான். அது எப்படிக் கூடுதலாக இருக்கும், யாரை நினைத்து வாங்கினான். பதினொன்றில் அவளுக்கு ஜலதோஷம் என்று சூப் கொண்டுவருகிறான். பதினான்கில் கணவனாகவே ஆகிவிட்டான். பதினாறில் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த பயிற்சி. பதினேழில் வங்கியில் எதிரெதிரே உட்கார்ந்து, உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அவளையே கேட்கிறான். இருபதில் ஹோட்டலுக்கு வந்து இரண்டு பேருக்கு அறை கேட்கிறான். வரவேற்பு மேஜையில் இருப்பவள் என் மனைவி. முகம் சுளிக்காமல் கொடுக்கிறாள், காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்ந்தது என்று வேறு சொல்கிறாள். அம்மையீர், நான் இயந்திரங்களோடு பழகியவன். ஒரு சாதனம் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரியும் வேலை செய்தால் கழற்றிப் பார்ப்பேன். இந்த ஆளை நீங்கள் கழற்றிப் பார்த்தீர்களா?

இதை நான் மட்டும் கவனிக்கவில்லை. குளிர்கால விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு வகுப்பில் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று ஏணி போட்டு ஏறியிருந்தேன். கீழே இரண்டு மாணவிகள் சூரியகாந்தி விதை கொறித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழுல அவ பேரே தெரியாத மாதிரி கேக்குறான்டி. டைவர்ஸ் ஆயிடுச்சு, அதான்."

"டைவர்ஸ் ஆனா பேரு மறந்துடுமா? பதினாறுல ஆஸ்பத்திரில கெடந்தான்ல, அப்பவே தலையிலயும் அடிபட்டிருக்கு."

"அப்ப இருபதுல யாருக்கு ரூம் கேக்குறான்?"

"அவளுக்குத்தான். மறுபடியும் லவ் வந்துடுச்சு. எனக்கென்னமோ இவங்க நெஜமாவே புருஷன் பொண்டாட்டினு தோணுது. சும்மா பேப்பரைப் பார்த்துப் படிச்சா இப்படி வராது."

என் ஸ்க்ரூ டிரைவர் கைதவறி அவர்கள் மேஜையில் விழுந்தது. "அண்ணே, பார்த்து. நீங்க சொல்லுங்க, அவங்க சேர்ந்துட்டாங்களா இல்லையா?" என்றாள் ஒருத்தி. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

பதினான்காம் பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன், தாங்கள் மறந்திருக்கலாம். மழைச் சத்தம். அவன், "குடையை மறுபடியும் மறந்துட்டேன்" என்கிறான். அவள் சிரிக்கிறாள். "தெரியும். உனக்கும் சேர்த்துத்தான் எடுத்துட்டு வந்தேன். வா, பசங்க வீட்டுல காத்துட்டு இருப்பாங்க" என்கிறாள். அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஆளுக்குப் பன்மையில் இருக்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தச் சிரிப்பு இதழின் கடைசியில் அச்சிட்டிருக்கும் வசனத்தில் கிடையாது. நான் வரிவரியாகப் பார்த்துவிட்டேன். எழுதாத சிரிப்பை அவள் அவனுக்காகச் சிரித்திருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் நான் ஒரு தடவைகூடக் குடையை மறந்ததில்லை. மேகம் இருந்தால் எடுப்பேன், இல்லாவிட்டாலும் எடுப்பேன். பையில் ஒன்று, மேஜை இழுப்பறையில் ஒன்று. மறந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஒரு நாள் மதியம் கணினியில் உட்கார்ந்து இருபது பயிற்சிகளிலும் அவன் குரலை மட்டும் வெட்டினேன். சுத்தமான வேலை, ஒட்டிய இடம் தெரியாது. அவன் பேசுகிற நேரம் அளவுக்கு மௌனம் விட்டிருந்தேன். சாயங்காலம் பதினான்கை ஓடவிட்டேன். மழை பெய்தது, அவன் வாய் திறக்கவில்லை, எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மௌனத்துக்குள் வராந்தா முழுக்க ஒரு இரைச்சல். எல்லா வகுப்பிலிருந்தும் பையன்கள், பெண்கள், அத்தனை பேரும் கோரஸாக, "குடையை மறுபடியும் மறந்துட்டேன்" என்று கத்துகிறார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சிரித்தாள். ஒருவனைத் துரத்தினேன், பள்ளிக்கூடம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓயாங் டீச்சர் குதிகால் செருப்பு சத்தத்தோடு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, ஆம்பளை எங்க?"

"பழுது, டீச்சர்."

"லைன் பழுதாகும், ஸ்பீக்கர் பழுதாகும். ஆம்பளை மட்டும் தனியா எப்படிப்பா பழுதாவான்?"

"இந்த மாடல்ல அப்படி ஆகும்."

"என் வீட்டுலயும் அதே மாடல்தான் இருக்கு, இருபத்தஞ்சு வருஷமா பழுது, நான் என்ன வெட்டியா எறிஞ்சுட்டேன்?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பரீட்சை வருது தம்பி. பசங்களுக்கு ரெண்டு குரலும் வேணும். நாளைக்கு அவனைத் திரும்ப வச்சிடு."

வைத்தேன். ஆனால் யாரென்று பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இதழின் பின்னட்டையில் குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன: ஆண் குரல், லுங் பிங்யான். விசாரித்ததில் பக்கத்து நகரத்தில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். என்ன செய்வது என்று திட்டம் எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்தால் தானாக வரும் என்று நினைத்தேன். மைதானத்தில் ஒரு பழைய பயிற்சிக் கார் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து, சூப் கொண்டுவந்த அதே குரல், "இடது, இடதுன்னா உங்க இடதும்மா, ஊரோட இடது இல்ல" என்றது. ஜன்னலைத் தட்டி என் பெயரைச் சொன்னேன். "வண்டி நின்னா இந்தம்மா மறுபடி எடுக்க மாட்டாங்க, ஏறிக்கங்க" என்றார். ஏறிக்கொண்டேன். அறுபதை நெருங்கும் குண்டு மனிதர், கன்னத்தில் பாக்கை அதக்கியிருந்தார். ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தவர் ஒரு காய்கறிக் கடைக்கார அம்மா.

"ஷுவென் வீட்டுக்காரரா? கேள்விப்பட்டேன் தம்பி. நம்ப முடியல. நான் அவங்களப் பார்த்ததே இல்ல."

"பொய். இருபது பயிற்சி பேசியிருக்கீங்க."

"எனக்கு ஒரு நாள், அவங்களுக்கு வேற நாள். நான் மொதல்ல தனியா கண்ணாடி அறையில உட்கார்ந்து பேசுவேன், நடுநடுவுல எடம் விடுவேன். பிறகு அவங்க வந்து காதுல என்னைக் கேட்டுக்கிட்டே பதில் சொல்லுவாங்க. அம்மா, பிரேக்."

காதுக்குள் கேட்டிருக்கிறாள். நேரில் பார்க்காமலேயே இந்த அளவு. எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது.

"பதினாலுல எதுக்குச் சிரிச்சா?" என்றேன்.

அவர் பாக்கை மறுகன்னத்துக்கு மாற்றினார். "அதை நானே யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். என் உச்சரிப்பைக் கேட்டுத்தான் சிரிச்சாங்கன்னு மூணு வருஷமா மனசுக்குள்ள கெடந்து அரிக்குது. நீங்க குடையை மறக்குற ஆளா?"

"ஒரு தடவைகூட மறந்ததில்ல. வெயில் அடிச்சாலும் கையில இருக்கும்."

காய்கறிக்கார அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மடியில் பை, பையில் குடை, வெளியே நல்ல வெயில். "அப்ப அதான். குடையை மறக்குற புருஷன்னு ஒருத்தன் வந்து சொன்னா, இந்தத் தம்பியை நெனச்சுப் பார்த்தா, எனக்கே சிரிப்பு வருது" என்றார். சொல்லிக்கொண்டே ஓரத்தில் நட்டிருந்த மூங்கில் கம்பை இடித்துச் சாய்த்தார். லுங் அவரைத் திட்டவில்லை. பாக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டேன், தலை சுற்றியது.

இதற்கெல்லாம் நான் சமாதானமாகிவிட்டேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். அந்த வாரமே, இறந்தவர்களின் கல்லறைகளைத் துடைத்து வணங்கும் நாள் வந்தது. மாமியாரோடு மலையடிவாரத்துக்குப் போனபோது குடைகளை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நல்ல மழை. ஷுவென் கல்லறை முன்னால் போய் நின்று, மறந்துட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். பதில் எழுதும் இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைவிடக் கூடுதலாகவே விட்டேன். மாமியார்தான், "உனக்கு என்னப்பா ஆச்சு, வயசான பொம்பளைய நனைய விடுற" என்று தன் துண்டை என் தலையில் போட்டார்.

தங்கள் வாசித்தல் பயிற்சியில் ஒவ்வொரு பத்திக்கும் கீழே, எழுதியவரின் மனநிலை என்ன என்று கேட்கிறீர்கள். சந்தேகம், அக்கறையின்மை, ஆதரவு என்று மூன்று விடை கொடுக்கிறீர்கள். இந்தக் கடிதத்துக்கு யாராவது அப்படிக் கேட்டால் மூன்றும் பொருந்தாது என்பதையும் ஒரு பிழையாகக் குறித்துக்கொள்ளவும். என் கோரிக்கை எளிமையானது. மூன்றாம் கேள்வியின் விடையைத் திருத்த வேண்டும். முடிந்தால் 'ஈ' என்று நான்காவதாக ஒன்று சேர்த்து, 'ஒருவரையொருவர் பார்த்ததே இல்லாதவர்கள்' என்று போட வேண்டும். அதுதான் உண்மை. அந்த ஆணை அவளுடன் இனி எந்தப் பயிற்சியிலும் சேர்க்கக் கூடாது.

தங்கள் இதழ் வீட்டுக்கு வீடு போய்ச் சேரவும், அதைப் படிக்கும் பிள்ளைகள் பேனா நடுங்காமல் தேர்வு எழுதவும், தங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோருடைய குரலையும் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கவும் விரும்பும்,

தங்கள் உண்மையுள்ள,
பெங் லிசெங்
ஒலிபெருக்கிப் பிரிவு

பின்குறிப்பு: பாட ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்று அறிவிப்பில் இருந்ததால் இந்தக் கடிதத்தை ஓயாங் டீச்சரிடம் கொடுத்தேன். வெந்நீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு, "அறிவிப்போட பின்பக்கம் படிச்சியா தம்பி?" என்றார். இல்லை என்றேன். திருப்பிக் காட்டினார். பிழை உறுதியான பயிற்சிகள் புதிய குரல்களில் மறுபதிவு செய்யப்படும், மற்றவை அப்படியே வெளிவரும் என்று சின்ன எழுத்தில் இருந்தது.

"புதிய குரல்னா?" என்றேன்.

"புதிய குரல்னா, வேற பொண்ணு தம்பி."

கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் பிழை இருக்கிறது, கடிதம் வருகிறது என்று நேற்றே தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன். ஒரு பெண் குறித்துக்கொண்டார். கடிதம் வராவிட்டால் தாங்களாகவே திருத்திவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் அனுப்புகிறேன். தயவுசெய்து மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பதினேழில் பிழை இல்லை, பெயரை மறப்பது மனித இயல்பு. இருபதில் பிழை இல்லை, அறை யாருக்கு வேண்டுமானாலும் தேவைப்படும். பதினான்காம் பயிற்சி, மூன்றாம் கேள்விக்கு விடை 'அ'. நான் பலமுறை கேட்டு உறுதி செய்துவிட்டேன். அவர்கள் கணவன் மனைவிதான். மழை பெய்கிறது, பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள். யாரும் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.